சூசையின் மிதவையில் நான் உட்கார்ந்த நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிமாரே, வெட்டுகிற ரொட்டைக் கையில் எடுத்ததும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். "இது எதையெல்லாம் வெட்டும் பாஸ்?" என்பீர்கள். வெட்டும், வெட்டும். இரும்பை வெட்டும், காஸ் நெருப்புக்கு மசியாத வார்ப்பிரும்பை வெட்டும், கொங்கிறீற்றில் ஓட்டை போடும், கருங்கல்லைக்கூட உருக்கும். ஒரு இரும்புக் குழாய், அதற்குள் நெருக்கி அடைத்த கம்பிகள், பின்னாலிருந்து ஒட்சிசன், நுனியில் ஒரு பொறி. அவ்வளவுதான் சாமான். பற்றிக்கொண்டால் தானும் எரிந்து, முன்னால் இருப்பதையும் உருக்கித் தள்ளும். ஆனால் "வெட்டப்போகிற சாமானுக்குள்ள என்ன இருக்கு பாஸ்?" என்று கேட்ட புதியவன் ஒருவனை நான் என் வேலைக் காலம் முழுக்கக் கண்டதில்லை. கண்டிருந்தால் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய் என் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பேன்.

இப்போது நான் மதுரங்குளியில் வீட்டோடு இருக்கிறேன். முதுகுதான் ஓய்வெடுத்தது, வாய் இன்னும் வேலைக்குப் போகிறது என்று மனைவி சொல்கிறாள். சொல்லட்டும். ரொட்டை எப்படிப் பிடிப்பது, முகமூடியை எப்படிப் போடுவது என்பதையெல்லாம் உங்கள் மேற்பார்வையாளர் காட்டித் தருவார். நான் சொல்லப்போவது கண்டக்குழிக் கடற்கரையில் ஒரு மிதவைக்கு மேல் நான் ஏறி உட்கார்ந்த கதை.

போர் முடிந்து கடலைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. கரையெல்லாம் பழைய இரும்பு கிடந்தது. கொழும்பிலிருந்த ஒரு ஒப்பந்தக்காரருக்காக நானும் லொறிச் சாரதியும் ஊர் ஊராகப் போய் அதை வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். கண்டக்குழியில் மணலில் புதைந்த ஒரு பழைய பார்ஜ் படகு எங்களுக்குக் கிடைத்தது. அதன் பக்கச் சுவரில் முதலில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போடுவது வெட்டுவதைவிடப் பொல்லாத வேலை. மறுபக்கம் திறக்கும் வரைக்கும் உருகின இரும்பெல்லாம் போக வழியில்லாமல் உன் பக்கமே திரும்பி வரும். நேரெதிரே நிற்காதே, ரொட்டைக் கொஞ்சம் சரித்துப் பிடி. திறந்துகொண்டதோ, அத்தனையும் மறுபக்கம் பாயும். ஆகவே மறுபக்கத்தில் எண்ணெய் உண்டா, கயிறு உண்டா, ஆள் உண்டா என்று முதலே பார்க்க வேண்டும்.

பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து முகமூடியைப் போட்டு, சிலிண்டரைத் திறந்து, ரொட்டைப் பற்றவைத்தேன். நல்ல வேலை, சுணங்காமல் திறந்தது. மறுபக்கத்திலிருந்து ஒரு அலறல்! ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நான் பார்த்துவிட்டு வந்த இடைவெளியில் எங்கள் சாரதி நிழல் தேடி உள்ளே போய், தன் சோற்றுப் பார்சலைச் சரியாக அந்த இடத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு எட்டத்தில் படுத்திருக்கிறார். அலறினது அதன் கதியைக் கண்டுதான். பிலாக்காய்க் கறியும் கட்டாக் கருவாட்டுப் பொரியலும் கரியாகக் கிடந்தன. மனிதர் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. தம்பிமாரே, மறுபக்கத்தைப் பார்ப்பது என்றால் பற்றவைக்கும் நிமிடத்தில் பார்ப்பது. முதல் பார்த்த பார்வை கணக்கில் இல்லை.

இந்தக் கூத்தைக் கரையில் நின்று பார்த்துக் கைதட்டிச் சிரித்த ஒருவர்தான் சூசை. கட்டையான, அகலமான மனிதர். தன் வள்ளத்தில் கடலுக்குப் போனவர், கண்டக்குழி ஆள். என் பக்கத்தில் வந்து, வெட்டின இரும்பின் விளிம்பைத் தடவிப் பார்க்கக் கை நீட்டினார். தட்டிவிட்டேன், சுட்டுவிடும்.

"என்ன பாஸ் இது? சர்க்கரைத் தொதல் வெட்டுற மாதிரியெல்லோ போகுது!" என்றார். "எனக்கொரு வேலை இருக்கு. செய்து தருவீங்களோ?"

தன் மீன்வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். அங்கே மணல் மேட்டில் ஒரு கடல் மிதவை கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேலே, உருண்டை வயிறு, தடித்த இரும்பு. ஒரு காலத்தில் சிவப்பு வர்ண மை பூசியிருக்கிறார்கள். அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி. மேலே ஏதோ ஒரு கோபுரம் இருந்து முறிந்துபோன அடையாளம், அதன் அருகே துருவும் உப்பும் மூடின ஒரு பெரிய திருகு மூடி.

"இதை நடுவால ரெண்டாப் பிளந்து தாங்க," என்றார் சூசை. "ரெண்டு கிடாரம் வேணும்."

"கிடாரமா? என்னத்துக்கு?"

"சோறு ஆக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் கதையைச் சொன்னார். முந்தின தென்மேல் காற்றுக் காலத்தில் அவருடைய வள்ளம் கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்களை வேறொரு வள்ளம் தூக்கிவிட்டது. இவரை மட்டும் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கை சோர்ந்து, இனி முடியாது என்ற நேரத்தில் எங்கோ அறுந்து மிதந்து வந்த இந்த மிதவை நெஞ்சில் வந்து முட்டியிருக்கிறது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்து, மாதாவைப் பெற்ற தலவிலக் கோயில் அன்னம்மாவைக் கூப்பிட்டு நேர்ந்திருக்கிறார். "தாயே, என்னைக் கரையில விடு. இந்த மிதவையிலேயே ஆக்கி உன்ர திருநாளுக்கு வாற சனத்துக்குப் போடுறன்." மிதவையும் அவருமாகச் சேர்ந்தே கரை ஒதுங்கியிருக்கிறார்கள். ஊர் ஆட்கள் உழவு மெசினில் கட்டி அதை மேட்டுக்கு இழுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து சூசை கடலுக்குப் போகவில்லை. நேர்ந்ததைக் கொடுக்காமல் கடலில் கால் வைப்பதில்லை என்று வள்ளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மனைவி பிலோமினா கருவாடு காயப்போட்டு வீட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். ஓகஸ்ட் திருநாள் வருகிற கிழமை. அரிசி வந்துவிட்டது, விறகு வந்துவிட்டது, அடுப்புக்குக் கல்லும் வைத்தாயிற்று. கிடாரம் மட்டும் இன்னும் உருண்டையாகக் கிடக்கிறது.

நான் மிதவையைச் சுற்றி வந்தேன். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன்.

"இதுக்குள்ள என்ன இரிக்கி?"

"ஒண்டும் இல்ல பாஸ், வெறும் காத்து."

"ஆர் அடைச்ச காத்து?"

சூசை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதென்ன கேள்வி? காத்து காத்துதானே!"

இங்கேதான் தம்பிமாரே, காதைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்கள். மூடின பாத்திரத்தில் நெருப்பு வைக்காதே. பீப்பா, தாங்கி, மிதவை, இரண்டு பக்கமும் அடைத்த குழாய், எதுவானாலும் சரி. வெறுமையாக இருக்கிறது என்று ஆட்கள் சொல்கிறதுதான் மோசம். உள்ளே கிடந்ததின் ஆவி நிற்கும், துரு தின்று மாற்றின காற்று நிற்கும், சூடு பட்டதும் அது விரிய இடம் கேட்கும். உள்ளே என்ன என்று தெரிந்தால்தான் மறுக்கலாம் என்று இல்லை. தெரியாது என்பதே மறுக்கப் போதுமான காரணம்.

"நான் வெட்ட மாட்டன், சூசை," என்றேன்.

கரையில் இதற்குள் ஊரே கூடிவிட்டது. ஆளுக்கொரு கதை. "கொழும்பால வந்த பாஸுக்குப் பயமாம்!" "ரொட் முடிஞ்சுபோச்சாக்கும்." நான் கொழும்பிலிருந்து வரவில்லை, மதுரங்குளி என்று சொன்னேன். "மதுரங்குளியில இருந்து வந்துமா பயம்?" என்றான் ஒருவன். பயம்தான். இந்தத் தொழிலில் பயம் இல்லாதவன் ஒரு மழைக்காலம்கூடத் தாங்க மாட்டான். சூசை கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப நான் அன்னம்மாவுக்கு என்னத்தைச் சொல்ல?" என்றார். "ஒரு மதுரங்குளிப் பாஸ் ஏலாதெண்டு சொல்லிட்டார், அதால நேத்தியை விட்டிட்டன் எண்டோ?"

நான் சாமானைச் சுருட்டி லொறியில் போட்டேன். ஏலாது என்று சொல்லியாயிற்று, என் கடமை முடிந்தது, இனி அவர்கள் பாடு. அப்படித்தான் நினைத்தேன். சாரதி லொறியை எடுத்தார். பின்னால் ஒரு ஜெனரேற்றர் உறுமுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், பிலோமினாவின் தம்பி அன்ரன். சிலாபத்தில் இரும்புக் கேற் செய்கிற பட்டறை வைத்திருப்பவன், திருநாளுக்கு வந்தவன். கையில் இரும்பு அறுக்கிற கிரைண்டர். கண்ணாடி இல்லை, சப்பாத்து இல்லை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி மிதவையை நோக்கி நடக்கிறான்.

"நிறுத்து!" என்று கத்தினேன். சாரதி லொறியை நிறுத்தினார். நான் குதித்து ஓடினேன். ஓடுகிற வயதா எனக்கு? மணலில் ஒரு காலுக்கு ரெண்டு கால் புதைந்தது. அன்ரனிடம் சொல்லிப் பார்த்தேன். "ஹரி, ஹரி, சரிதான், நீங்க போங்க பாஸ், நாங்க பாத்துக்கொள்ளுறம்," என்றான். கிரைண்டரைத் தட்டிவிட்டான். அது சீறியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. உழவு மெசின் கட்டின வளையத்தில் கால் வைத்து, சிப்பியில் முழங்காலைக் கிழித்துக்கொண்டு, மிதவைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"வெட்டுறெண்டா என்னையும் சேத்து வெட்டு!"

கரை முழுக்க ஒரே சிரிப்பு. அன்ரன் கிரைண்டரை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான். "இறங்குங்க பாஸ்." "மாட்டன்." "எவ்வளவு நேரம் இருப்பீங்க?" "உன்ர ஜெனரேற்றருக்கு எண்ணெய் முடியும் மட்டும்."

தம்பிமாரே, ஓகஸ்ட் வெயிலில் கிடந்த இரும்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தோசைக்கல்லு! ஒரு பக்கம் மாறி ஒரு பக்கம் சாய்ந்தேன். உருண்டை வேறு, இரண்டு தரம் வழுக்கினேன். கடைசியில் பிலோமினாதான் ஒரு சாக்கைக் கடல் தண்ணீரில் நனைத்து மேலே எறிந்தாள். "பின்பக்கம் வெந்திடும் நானா, இதைப் போட்டு இருங்க," என்று எனக்கு அண்ணன் முறை வைத்தாள். இன்னொரு பெண் பால் போடாத பிளேன்ரீ கொண்டுவந்தாள். விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரி வந்து என்னை நாலைந்து படம் எடுத்தாள். எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு அலுமாரிக்கு மேலே நான் இன்றைக்கும் சட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் போலும்.

ஏலாது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது பாதி வேலைதான் என்று அங்கே இருந்துகொண்டுதான் எனக்கு விளங்கியது. நீ வெட்டாமல் விட்டதை, உன்னைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவன் வெட்டுவான். அவனும் ஒரு தாயின் பிள்ளை. சாமான் பாதுகாப்பாகும் வரைக்கும் அது உன் சாமான்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொழ வேண்டும் என்றால் இறங்க வேண்டும். இறங்கினால் அன்ரன் வெட்டுவான். மேலே இருந்தே தொழலாமா என்று யோசித்தேன். நெற்றியை வைத்து சுஜூது செய்தால் நேராகத் தலைகீழாக அன்ரனின் மடியில் போய் விழுவேன். கீழே எல்லோருக்கும் என் சங்கடம் விளங்கிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கரை ஆட்களிடம் எனக்குப் பிடித்தது அதுதான், பாங்கு சொன்னால் கேலியை நிறுத்திவிடுவார்கள்.

சூசை முன்னால் வந்தார். "இறங்கிப் போய்த் தொழுதிட்டு வாங்க பாஸ்."

"நான் இறங்கினா இவன் வெட்டிப்போடுவான்."

"நீங்க வரும் மட்டும் நான் இருக்கிறன்."

சொன்னபடி அவர் ஏறி என் சாக்கில் உட்கார்ந்துகொண்டார். வெட்டச் சொல்லி நின்ற மனிதர் வெட்ட விடாமல் காவல் இருக்கிறார்! அன்ரனுக்குத் தலை சுற்றியது. "அத்தான், நீங்க ஆர்ட பக்கம்?" என்று கேட்டான். "பொத்தடா வாயை, அவர் தொழப் போறார்," என்றார் சூசை.

நான் உள்ளூர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது சூசை மிதவையில் படுத்துக் கிடந்தார். அன்று கடலில் கிடந்த மாதிரியே கையிரண்டாலும் அணைத்துக்கொண்டு, காதை இரும்பில் வைத்து. நான் வந்ததைக் கண்டு எழும்பி உட்கார்ந்தார்.

"பாஸ், இதுக்குள்ள என்னவோ உருளுது. கல்லு மாதிரி. அண்டைக்குக் கடல்ல கிடக்கேக்கையும் கேட்டது. நான் பயத்தில என்ர நெஞ்சுதான் எண்டு நினைச்சன்."

இரும்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல திறந்து பாப்பம். உங்கட விருப்பப்படியே செய்வம்," என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. வேலையைத் தொடங்கினோம். ஒட்சிசன் சிலிண்டரை லொறியோடு தூரத்துக்கு அனுப்பினேன். ஜெனரேற்றரை நிறுத்தச் சொன்னேன். பீடி, அடுப்பு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். மூடியைத் திறந்து உள்ளே வாய்மட்டம் தண்ணீர் நிரப்பி, நிற்கிற ஆவியை வெளியே தள்ளிவிட்டால், மேல்பக்கத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டலாம் என்பது என் திட்டம். வள்ளம் கழுவுகிற எஞ்சின் பம்பைக் காற்று வருகிற பக்கத்தில், எட்டத்தில் வைத்து, நீளக் குழாயை இழுத்து அன்ரனின் கையில் கொடுத்தேன். கிரைண்டர் பிடிக்கத் துடிக்கிற கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே! பம்பை ஓடவிட்டு, நான் சொல்லும் வரைக்கும் தண்ணீரைக் கடல் பக்கம் விட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

நான் மறுபடி மேலே ஏறி, திருகு மூடியின் உப்பைத் தட்டி, பெரிய ரெஞ்சைப் போட்டு, மெல்ல மெல்ல அசைத்தேன். முரண்டு பிடித்தது. பிறகு ஒரு மயிரிழை அசைந்தது. உஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். கையை எடுத்துவிட்டேன்.

மணம் வந்தது. வெள்ளைப்பூடு மணம். நன்றாகத் தாளித்த கறிச் சட்டியைத் திறந்த மாதிரி.

கீழே நின்ற ஒரு பெரிய மனுசி மூக்கை உயர்த்தி முகர்ந்தாள். "மாதாவே! உள்ளுக்குள்ள ஆரோ சமைச்சிருக்கினம்!"

அவ்வளவுதான். தீயாகப் பரவிவிட்டது. அன்னம்மா முன்கூட்டியே கறியை ஆக்கி வைத்துவிட்டாளாம்! சூசையின் நேர்த்தியை ஏற்றுக்கொண்டாளாம்! பெண்கள் சிலுவை போட்டார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சூசை முழந்தாளில் விழுந்து அழுதார். நான் மட்டும் மேலே விறைத்துப்போய் இருந்தேன். அந்த மணம் எனக்குத் தெரியும். நான் தொழில் பழகின காலத்தில் காபைட் கல்லைத் தகர டிரம்மில் போட்டுத் தண்ணீர் விட்டுத்தான் காஸ் எடுப்போம். ஒரு பொறி பட்டால் வெடிக்கிற அந்தக் காஸின் மணம் இதுதான். பழைய காலத்து விளக்கு மிதவைகளுக்குள்ளும் காபைட் கல் போட்டு, அதில் எழும்புகிற காஸில் விளக்கை எரிய விட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியொன்றின் மேல்தான் நான் காலையிலிருந்து சாக்குப் போட்டு உட்கார்ந்து பிளேன்ரீ குடித்திருக்கிறேன்.

என் திட்டமும் அந்த நொடியில் செத்தது. காபைட்டுக்குத் தண்ணீர் விட்டால் காஸ் இன்னும் பொங்கும். வழக்கமாகக் காப்பாற்றுகிற தண்ணீரே இங்கே கொல்லும். அன்ரனைப் பார்த்துக் கையை ஆட்டினேன், இந்தப் பக்கம் கொண்டுவராதே என்று. அவன் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான்.

மூடியைத் திரும்ப இறுக்கலாம் என்று ரெஞ்சைப் பிடித்தேன். துருப்பிடித்த சனியன், வந்தது போகமாட்டேன் என்கிறது. நிமிர்ந்து பார்த்தால் என் உயிர் போய்விட்டது. வாடிகளுக்குள்ளிருந்து பெண்கள் வரிசையாக வருகிறார்கள். கையில் கையில் மெழுகுதிரி. எரிகிறது!

இப்படியொரு புதுமை, அற்புதம் நடந்தால் திரி கொளுத்தாமல் இருப்பார்களா? அந்தக் காற்றில் திரி நில்லாது. அதனால் எல்லோரும் கையால் மறைத்துக்கொண்டு, மிதவையின் மறைவுப் பக்கமாகச் சுற்றி வருகிறார்கள். காற்று இல்லாத பக்கம். காஸும் போய்த் தேங்குகிற பக்கம். முன்னால் வருகிறவள் பிலோமினா.

"அணைங்க! திரியை அணைங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் சத்தமாகச் செபம் சொல்லிக்கொண்டு வந்ததில் என் சத்தம் அமுங்கிவிட்டது. நானும் புதுமையைக் கண்டு ஏதோ ஓதுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருத்தி எனக்குக் கும்பிடு போட்டாள்.

இறங்கி ஓட நேரமில்லை. விளக்கம் சொல்ல நேரமே இல்லை. கண்ணில் பட்டது அன்ரன்தான், பாய்கிற தண்ணீரோடு.

"அன்ரன்! தண்ணியை அடி!"

"எதுக்குள்ள?"

"ஆக்கள்ள அடி! திரியில அடி!"

அன்ரன் திரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன கண்டானோ தெரியாது. காலையிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் கேட்காதவன், அதை மட்டும் கேட்டான்.

"அக்காவுக்குமோ?"

"முதல்ல அக்காவுக்கு அடி!"

அடித்தான் பாருங்கள்! சின்ன வயதிலிருந்து அக்காவிடம் வாங்கின அடிக்கெல்லாம் சேர்த்து அடித்தான். பிலோமினா திரியும் தானுமாக மணலில் இருந்துவிட்டாள். பின்னால் வந்த வரிசை முழுக்க நனைந்து கத்திக்கொண்டு சிதறியது. ஒரு திரி மிச்சமில்லை. அந்தப் பெரிய மனுசி மட்டும் ஓடவில்லை. கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து, தீர்த்தம் என்று நினைத்து முழுசாக நனைந்தாள்.

பிறகு எல்லோரையும் காற்று வருகிற பக்கத்தில் எட்ட நிறுத்தி, சங்கதியைச் சொன்னேன். இந்த மணம் கறி மணம் இல்லை. அன்ரனின் கிரைண்டர் இரும்பை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தால், அந்த முதல் பொறியில் இந்த வாடிகளும் இருந்திருக்காது, நாங்களும் இருந்திருக்க மாட்டோம். என் ரொட் என்றாலும் அதுவேதான். அன்ரன் குழாயைப் போட்டுவிட்டு மணலில் குந்தினான். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன். 

காற்று அடித்துச் சீறல் ஓய்ந்தபின் மூடியை ஒருவாறு இறுக்கினோம். சுற்றிவரப் பழைய வலையைக் கட்டி ஒருவரும் கிட்டப் போகாமல் செய்தோம். அதற்குரிய ஆட்களுக்கு அறிவித்தோம், அவர்கள் வந்து அதைக் கடல் வழியால் இழுத்துக்கொண்டு போனார்கள். இவ்வளவும் சுகமான வேலை. சுகமில்லாதது சூசை.

அவர் நனைந்த மணலில் குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். "என்ர நேத்தி போச்சு. இனிக் கடலும் இல்ல, தொழிலும் இல்ல. வாக்குக் குடுத்தன் பாஸ், இதிலேயே ஆக்கிப் போடுறன் எண்டு வாக்குக் குடுத்தன்."

 இரும்பைப் பற்றி எவ்வளவும் சொல்வேன், நேர்த்தியைப் பற்றி நான் என்ன சொல்ல? சேலையைப் பிழிந்துகொண்டு நின்ற பிலோமினாதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அன்னம்மா ஆர்? பிள்ளை பெத்து, வீடு வாசல் பாத்த மனுசி. உங்கட பேர்க்காரன், மாதாவைக் கட்டின சூசையப்பர்தான் அவட மருமகன். மருமகனுக்குச் சமைச்சுப் போட்ட மனுசி, கப்பல் மையும் சிப்பியும் ஒட்டின குண்டுக்குள்ள சோறு ஆக்கு எண்டு கேப்பாவோ? நீங்க குளிர்ல விறைச்சு என்னவோ உளறியிருப்பீங்க. அவவுக்குச் சோறுதான் கேட்டிருக்கும்."

சூசை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்தார். "அப்படி நினைக்கிறியோ?"

"நினைக்க என்ன இருக்கு? எந்தச் சட்டியில ஆக்கினது எண்டு பசியில வந்த சனம் கேக்குமோ?"

கிடாரத்துக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற கிடாரங்கள் வருடத்தில் மிச்ச நாளெல்லாம் கவிழ்ந்துதான் கிடக்கும். பள்ளியை நடத்துகிற நம்பிக்கையாளர்களிடம் கதையைச் சொன்னேன். நான் மிதவையில் ஏறின இடத்தில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். முடிவில், "மீன் கறிதானே? கொண்டுபோங்க," என்றார்கள். சாரதி லொறியில் ஏற்றினார்.

திருநாள் அன்று தலவிலையில் அந்தக் கிடாரங்களில் சோறும் கட்டா மீன் கறியும் கொதித்தன. அன்ரன் விறகு தள்ளினான், கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தான், காலில் சப்பாத்து. சனம் வந்து வந்து தின்றது. பிலோமினா சொன்னது சரி, ஒருவரும் சட்டியைக் கேட்கவில்லை. சூசை ஓடி ஓடிப் பரிமாறினார். கடைசியில் என்னிடம் வந்து, நான் போதும் போதும் என்று கையால் மறைக்க, கைக்கு மேலேயே சோற்றைப் போட்டார். மறுநாள் விடிய வள்ளம் இறக்கப் போவதாகச் சொன்னார். முகம் அப்படியே விரிந்து கிடந்தது.

"சந்தோசம் சூசை. நேத்தி முடிஞ்சுதுதானே?" என்று கேட்டேன்.

அகப்பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"எங்க பாஸ் முடிஞ்சது? கடல்ல ஒருக்கா, கரையில ஒருக்கா, அன்னம்மா எனக்கு உசிரை ரெண்டு தரம் தந்திட்டா. நான் ஒரு தரந்தான் ஆக்கிப் போட்டிருக்கன். வாற வருசத்துக்கும் அந்தக் கிடாரத்தைச் சொல்லி வையுங்க."

சொல்லி வைத்தேன்.